அலகு எங்கே?

"கயிற்றின் நீளம் என்ன?" என்று ஆசிரியர் கேட்கிறார். "மூன்று" என்கிறான் மாணவன். மூன்று அடியா, மூன்று மீட்டரா? அலகு இல்லாவிட்டால் தேர்வில் மதிப்பெண் குறையும். ஆனால் அலகுக் குழப்பத்தால் ஒரு விண்கலமே அழிந்த கதை உங்களுக்குத் தெரியுமா?

செவ்வாய்க் கிரகத்தின் வானிலையை ஆராய, 1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் கலத்தை ஏவியது. அதைக் கட்டியவர்கள் டென்வர் நகரில் இருந்த லாக்ஹீட் மார்ட்டின் குழுவினர். அதன் பாதையைக் கணித்தவர்கள் பாசடேனா நகரில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர்.

சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தை மெல்லத் திருப்ப முயலும். அதைச் சமாளிக்கச் சிறிய உந்து எஞ்சின்களை அவ்வப்போது இயக்குவார்கள். ஒவ்வொரு முறையும் பாதை சிறிது விலகும். அந்தத் தள்ளலின் அளவை, அதாவது கணத்தாக்கை, டென்வர் குழுவின் புரோகிராம் கணக்கிட்டுக் கொடுத்தது. பாசடேனாவின் புரோகிராம் அதை வாங்கிக்கொண்டது.

எண் சரிதான். ஆனால் கொடுத்தது பவுண்டு-வினாடியில். வாங்கியவர்கள் நினைத்ததோ நியூட்டன்-வினாடி! ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டனுக்குச் சமம். ஆகவே ஒவ்வொரு தள்ளலும் உண்மையில் இருந்ததைவிட 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் ஏறியது.

1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாயை அடைந்தது. திட்டமிட்ட உயரம் சுமார் 226 கிலோமீட்டர். சென்றதோ சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில். கிரகத்தின் பின்னால் மறைந்த கலத்திடமிருந்து பிறகு செய்தியே இல்லை.

பிழை செய்யாத மனிதர் இல்லை. ஒன்பது மாதங்களுக்கு மேலாக அது ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை? கணக்கு பொருந்தவில்லை என்ற ஐயம் வழியிலேயே சிலருக்கு எழுந்தது. ஆனால் அது முறையான சிக்கல் பதிவேட்டில் ஏறவில்லை, மின்னஞ்சல்களோடு நின்றுவிட்டது. ஆகவே யாரும் அதற்கு விடை காணவில்லை. இரு புரோகிராம்களையும் இணைத்து நன்கு சோதிக்கவும் இல்லை.

இதிலிருந்து மென்பொருள் குழுக்கள் கற்க வேண்டியவை மூன்று:

1. எண்ணோடு அலகையும் எழுதுக.
2. விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, இரு புரோகிராம்களையும் சேர்த்துச் சோதிக்க.
3. ஐயத்தைப் பொதுப் பதிவேட்டில் எழுதி ஒருவரைப் பொறுப்பாக்குக. விடை கிடைக்கும்வரை அதை மூடாதிருக்க.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. டென்வர் புரோகிராம் 20 என்று எழுதினால், பாசடேனாவுக்குப் போக வேண்டிய எண் எது? விடை எழுதும்போது அலகை மறக்காதீர்கள்!

(விடை: 89 நியூட்டன்-வினாடி)