கடல் காணாத கப்பல்

பேராக் மாநிலத்தின் பத்து காஜா நகரிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையில் விந்தையான காட்சி ஒன்று உண்டு. சுற்றிலும் கடல் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆனால், ஒரு குளத்தில் பல மாடிக் கட்டடம் போன்ற இரும்புப் பொருள் ஒன்று நிற்கிறது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் கொண்ட மிதவையின்மீது அஃது அமைந்துள்ளது. முன்பின் அறியாத ஒருவர் அதனைக் கண்டால், ‘இஃது எதற்காகச் செய்யப்பட்டது?’ என்று வியக்காமல் இருக்க முடியாது.

அறிவிப்புப் பலகையைப் படித்தால் விடை கிடைத்துவிடும். எனினும், அதற்குமுன் சற்று நின்று ஊகித்துப் பார்ப்பது சிந்தனைக்கு நல்ல பயிற்சியாகும்.

நீரில் மிதப்பதால், முதலில் அதனைக் கப்பல் என்றே எண்ணத் தோன்றும். ஆனால், கப்பலை உந்திச் செலுத்தும் சுழல்விசிறி அதில் இல்லை. கூரிய முன்பகுதியும் இல்லை. தொலைதூரம் பயணம் செய்வதற்காக அது செய்யப்படவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. அப்படியானால், அது தொழிற்சாலையா? தகரக் கூரையும் உள்ளே நிறைந்திருக்கும் இயந்திரங்களும் அவ்வாறுதான் எண்ண வைக்கின்றன. ஆயினும், தொழிற்சாலையை நீரில் மிதக்கவிட வேண்டிய தேவை என்ன? இரண்டு ஊகங்களும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

விடைக்கான முக்கியமான தடயம் அதன் முன்பகுதியில் உள்ளது. ஏணி போன்ற நீண்ட இரும்புச் சட்டம் ஒன்று நீரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதன்மேல் சங்கிலிபோல் கோக்கப்பட்ட கனமான வாளிகள் வரிசையாக உள்ளன. இத்தகைய வாளிகளின் விளிம்பு, தேய்ந்தபின் கழற்றி மாற்றும் வகையில் தனியாகப் பொருத்தப்படும். நீரை மட்டும் இறைக்கும் வாளிக்கு அத்தகைய விளிம்பு தேவையில்லை. எனவே, அவை மண்ணையும் சரளைக்கல்லையும் வெட்டி அள்ளுவதற்கானவை. பின்பகுதியில் உள்ள சரிவுக் குழாய்கள் எதையோ வெளியே கொட்டுவதற்கானவை. முன்னே அள்ளுகிறது, பின்னே கொட்டுகிறது. அவ்வாறெனில், இடையில் எதையோ பிரித்தெடுக்கிறது!

அதுதான் ஈயம். உலகிலேயே மிகுந்த ஈயவளம் கொண்ட நிலப்பகுதிகளுள் கிந்தாப் பள்ளத்தாக்கும் ஒன்றாகும். வாளிகள் அள்ளி வந்த மண், உள்ளே சுழலும் பெரிய சல்லடையில் விழும். பாய்ச்சப்படும் நீரில் மண்கட்டிகள் கரையும். பெரிய கற்கள் ஒதுக்கப்பட்டபின், எஞ்சிய மணல் கலந்த நீர் குலுக்குத் தொட்டிகளுக்குச் செல்லும். ஈயத்தாது நீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு அடர்த்தி உடையது. மணலோ ஏறத்தாழ 2.6 மடங்குதான். ஆகவே, தாது அடியில் தங்கிவிடும். அரிசியை நீரில் அரிக்கும்போது கல் அடியில் தங்குவதும் இதே முறையில்தான்.

கடல் இல்லாத இடத்திற்குக் கப்பல் வந்தது எப்படி? இத்தகைய ஈயக்கப்பல்களின் பாகங்கள் சுரங்க நிலத்திற்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே பொருத்தப்பட்டன. கரையில் கட்டிய இரும்பு வடங்களை இழுத்தவாறு அவை மெல்ல நகர்ந்தன. முன்னே மண்ணை வெட்ட, குளம் நீண்டது. பின்னே கழிவு மணலைக் கொட்ட, குளம் தூர்ந்தது. ஈயக்கப்பல் தன் குளத்தையும் உடன் அழைத்துக்கொண்டே சென்றது எனலாம்.

1938ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இந்த ஈயக்கப்பல் ‘தஞ்சோங் துவாலாங் எண் 5’ என அழைக்கப்படுகிறது. அது 1982ஆம் ஆண்டு தன் பணியை நிறுத்தியது. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. நாட்டின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். ஈயக்கப்பல்கள் பல உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. அன்று தோண்டப்பட்ட குளங்கள் சிலவற்றில் இன்று இறால் வளர்க்கப்படுகிறது. அவற்றை இயற்கையான ஏரிகள் என்று எண்ணிக் கடந்து செல்வோரும் உண்டு.

ஒரு பொருளின் வடிவம், அதன் இடம், அதில் உள்ள தேய்மானம் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கினால், அஃது என்ன வேலை செய்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகத்திற்குப் பொருந்தாத உண்மையை ஒதுக்கிவிடாமல், ஊகத்தையே திருத்திக்கொள்வதுதான் அறிவுடைமை. ஆனால், இரும்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வாளிகளின் இரைச்சலுக்கிடையே இரவுப் பணி செய்தவர் யார், அக்கூலியில் அவர் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்பன அதன்மீது எழுதப்படவில்லை. அவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். இயந்திரத்தைப் பாதுகாக்க வண்ணம் பூசினால் போதும்; நினைவைப் பாதுகாக்க யாரேனும் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும்.