கணினிப் பணிக்கு இன்றே அடித்தளம்

முன்னுரை

பத்தாம் வகுப்பில் பயிலும் நம் ஒவ்வொருவரையும் நோக்கி இவ்வாண்டு ஒரு வினா வருகிறது. "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்பதே அது. நம்மில் பலர் "கணினித் துறை" என்று விடை கூறுகிறோம். அவ்விடையைக் கேட்டவுடன் அண்டை வீட்டு அக்காவும், ஊரிலிருந்து வரும் மாமாவும், கடைத்தெருவில் துண்டு விளம்பரம் தருபவரும் ஒரே அறிவுரையைத்தான் வழங்குகின்றனர். "ஏதாவது ஒரு சான்றிதழ் வாங்கிவிடு" என்கின்றனர். எந்தச் சான்றிதழ், எந்த வயதில், எவ்வளவு பணம் செலவிட்டு என்பதை எவரும் விளக்குவதில்லை. பதினைந்து வயதில் நாம் பெற வேண்டியது எது, காத்திருந்து பெற வேண்டியது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றிதழ் என்பது யாது?

பள்ளியும் பல்கலைக்கழகமும் தரும் சான்றிதழ் வேறு. கணினித் தொழிலில் வழங்கும் சான்றிதழ் வேறு. பின்னதை வழங்குவோர் பெரும்பாலும் கணினி நிறுவனங்களும் தொழில் அமைப்புகளும் ஆவர். 'கம்ப்டியா' என்னும் அமெரிக்க அமைப்பு 'ஏ பிளஸ்' என்னும் தேர்வை நடத்துகிறது. கணினியின் உறுப்புகளைப் பொருத்துதல், பழுது நீக்குதல், இயக்க மென்பொருளை நிறுவுதல் ஆகியவற்றை அது சோதிக்கும். இதில் தேற இரண்டு தாள்கள் எழுத வேண்டும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பை அறிந்தோருக்கு 'சிஸ்கோ' நிறுவனம் 'சி.சி.என்.ஏ.' தேர்வை நடத்துகிறது. இதன் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கும் மேலாகும்.

எல்லாச் சான்றிதழ்களும் மாணவியருக்கு உரியவை அல்ல. கணினிப் பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற 'சி.ஐ.எஸ்.எஸ்.பி.' சான்றிதழைப் பெற ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டம் பெற்றவர்க்கு ஓராண்டு மட்டும் தளர்வு உண்டு. ஆகவே விளம்பரத்தில் காணும் பெயர் பெரியது என்பதற்காக அது நமக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

காலக் கணக்கு

இச்சான்றிதழ்களைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. மருந்துப் புட்டியில் உள்ளதுபோல இவற்றிற்கும் காலாவதி நாள் உண்டு. ஏ பிளஸ், சி.சி.என்.ஏ. ஆகிய இரண்டும் மூன்றாண்டுகளே செல்லும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் குறிப்பிட்ட பணிகளுக்கென வழங்கும் சான்றிதழ்களில் பல ஓராண்டே செல்லும். ஆண்டுதோறும் இணைய வழியில் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் விரைந்து மாறுவதே இதற்குக் காரணம். ஐந்தாண்டுகளுக்கு முன் கற்றதை மட்டும் கொண்டு இன்றைய கருவியைப் பழுது பார்க்க இயலாதன்றோ?

இதை நம் வயதோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்பில், அதாவது பதினாறு வயதில், ஒரு மாணவி சி.சி.என்.ஏ. தேர்வில் வெற்றி பெறுகிறாள் எனக் கொள்வோம். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அது காலாவதியாகும். அப்பொழுது அவள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருப்பாள். நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவதோ இறுதி ஆண்டை ஒட்டியே. வேலை கேட்கும் நாளில் கையில் செல்லாத சான்றிதழே மிஞ்சும். அதற்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தால் அந்த வட்டி மட்டும் காலாவதி ஆகாது.

சான்றிதழே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வேலை தேடும் ஆண்டில் அதனைப் பெறுவதே அறிவுடைமை என்பது பொருள்.

காலாவதி ஆகாத கல்வி

அவ்வாறாயின் பதினைந்து வயதில் நாம் எதைத் தேட வேண்டும்? காலாவதி ஆகாததைத் தேட வேண்டும். அது நம் புத்தகப் பையிலேயே இருக்கிறது.

நம் பத்தாம் வகுப்புக் கணக்கு நூலில் யூக்ளிடின் வகுத்தல் முறையைப் படிக்கிறோம். 252, 105 ஆகிய எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண வேண்டும் எனக் கொள்வோம். 252ஐ 105ஆல் வகுத்தால் மீதி 42. பின்னர் 105ஐ 42ஆல் வகுத்தால் மீதி 21. பின்னர் 42ஐ 21ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே விடை 21. இதில் நாம் செய்தது என்ன? ஒரே செயலை, மீதி சுழியம் ஆகும்வரை, திரும்பத் திரும்பச் செய்தோம். இதனைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதினால் அதுவே ஒரு நிரல். கணினிகள் பயன்படுத்தும் இம்முறையை யூக்ளிட் எழுதி வைத்து ஏறத்தாழ 2300 ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாண்டுச் சான்றிதழையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்!

அதே பாடத்தில் மட்டு எண்கணிதம் வருகிறது. கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பின் மீண்டும் ஒன்று வருவது போன்ற கணக்கு அது. ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மேன் ஆகிய மூவரும் 1977ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஆர்.எஸ்.ஏ.' என்னும் மறைகுறியீட்டு முறை இக்கணக்கின் மீதே நிற்கிறது. இணையத்தின் பாதுகாப்பில் அம்முறை பெரும்பங்கு ஆற்றியுள்ளது. இயற்கணிதத்தில் வரும் அணிகள், கணினித் திரையில் ஓர் உருவத்தைத் திருப்பவும் பெரிதாக்கவும் உதவுகின்றன. நிகழ்தகவு, செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையாகிறது. "இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று நாம் மதிய உணவு வேளையில் பேசிக்கொள்வதுண்டு. இதற்குத்தான்.

சி.சி.என்.ஏ. தேர்வில் பலரை அஞ்சவைக்கும் பகுதி, வலையமைப்பை உட்பிரிவுகளாகப் பிரிக்கும் கணக்காகும். அதனை ஆராய்ந்தால் இரண்டின் அடுக்குகளே தென்படும். எட்டு இருமக் குறிகள் இருந்தால் இரண்டின் எட்டாம் அடுக்கு, அதாவது 256 முகவரிகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்று அவ்வலையமைப்பையே குறிக்கும். மற்றொன்று எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பப் பயன்படும். எஞ்சிய 254 முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். அடுக்குகளை நன்கறிந்த மாணவிக்கு இதில் அச்சம் ஏது? "அகல உழுவதினும் ஆழ உழு" என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

இவ்வழியில் சென்ற பெண்மணிகள்

கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பொழுது கணினித் துறை என்று ஒன்று இல்லை. எனினும் 1952இல் அவர் 'கம்பைலர்' என்னும் தொகுப்பியை உருவாக்கிய முன்னோடியாக விளங்கினார்.

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் மற்றொருவர். கன்னியர் மடத்தில் சேர்ந்த அவர் முதலில் கற்றது கணிதமும் இயற்பியலும் ஆகும். பின்னர்க் கணினியை அறிந்து, 1965ஆம் ஆண்டில், தம் 51ஆம் வயதில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அயோவா மாநிலத்தில் உள்ள கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் நடத்தினார். இவ்விருவரும் தம் பதினைந்தாம் வயதில் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் கணினி வந்தபோது அதற்கு ஆயத்தமாக இருந்தனர். அடித்தளம் வலுவாக இருந்தமையே காரணம்.

நம் முன் உள்ள வழிகள்

முதலாவது வழி, மேல்நிலைக் கல்வி. கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியல் படிக்கலாம். 2018-19 முதல் படிப்படியாக வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில், பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் இடம்பெற்றன. வணிகவியல் பிரிவிலும் கணினிப் பயன்பாடுகள் என்னும் பாடம் உண்டு. ஆனால் பொறியியல் படிப்பை விரும்புவோர் கணிதத்தைக் கைவிடலாகாது. இவ்வழியில் செல்வோர் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் சான்றிதழ்த் தேர்வு எழுதினால் போதும்.

இரண்டாவது வழி, பல்தொழில்நுட்பக் கல்லூரி. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் சேர்ந்து மூன்றாண்டுகளில் பட்டயம் பெறலாம். பதினெட்டு வயதிலேயே வேலைக்குச் செல்லலாம். அல்லது பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். குடும்பச் சூழ்நிலையால் விரைவில் சம்பாதிக்க வேண்டியவர்க்கு இது நல்ல வழி. இவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே சான்றிதழ்த் தேர்வு எழுதுவது பொருத்தமானது.

மூன்றாவது வழி, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு. தரவு அறிவியல் கற்பிக்கும் இதில் சேர ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை. அந்நிறுவனமே சில வாரங்கள் பாடம் கற்பித்துத் தகுதித் தேர்வு நடத்துகிறது. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். வெளியூருக்கு அனுப்ப வீட்டில் தயங்கும் பெண்களுக்கு இது பேருதவியாகும்.

பணமின்றிக் கற்பது எவ்வாறு?

நம் வீடுகளில் பலவற்றில் கணினி இல்லை. கைப்பேசியும் அப்பாவுடன் வேலைக்குச் சென்று இரவில்தான் திரும்புகிறது. அது திரும்பினாலும் முதலில் அண்ணன் கைக்கே போகிறது. இந்நிலையிலும் செய்யக்கூடியவை உள்ளன.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கான ஒலிப்பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. 'கணியம்' இணைய இதழ் தமிழில் கணினி நூல்களை விலையின்றி வெளியிடுகிறது. அதில் து. நித்யா என்னும் பெண்மணி எழுதிய 'எளிய தமிழில்' என்று தொடங்கும் நூல்கள் தமிழ்வழி மாணவியருக்கு ஏற்றவை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தொடக்கப் பாடங்களைக் கட்டணமின்றித் தருகிறது. 'பாக்கெட் டிரேசர்' என்னும் அதன் மென்பொருளில், விலையுயர்ந்த கருவி ஒன்றும் வாங்காமலே வலையமைப்பை அமைத்துப் பழகலாம். பள்ளிக் கணினி அறையில் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தாலும், செய்ய வேண்டியதை முதல்நாளே தாளில் எழுதிக்கொண்டு சென்றால் அந்நேரம் வீணாகாது.

விடுமுறையில் தட்டச்சு கற்பதும் நன்று. அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. நிரல் எழுதுவோருக்கும் விரல் பழக வேண்டுமல்லவா?

ஏமாறாதிருக்க நான்கு வினாக்கள்

"வேலை உறுதி" என்று கூறி முழுத் தொகையையும் முதலிலேயே கேட்கும் பயிற்சி நிலையங்கள் உண்டு. பணம் கட்டுமுன் பெற்றோருடன் சென்று நான்கு வினாக்களைக் கேட்போம். சான்றிதழை வழங்குவது அந்நிலையமா, தேர்வு நடத்தும் நிறுவனமா? தேர்வுக் கட்டணம் அத்தொகையில் அடங்குமா? சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? இடையில் நின்றால் பணம் திரும்புமா? விடைகளை எழுத்தில் தருமாறு கேட்போம். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் நாமும் தயங்குவதே நல்லது.

செயற்கை நுண்ணறிவு வந்த பின்

இன்று நிரலைக் கணினியே எழுதித் தருகிறதே, இனி நமக்கு என்ன வேலை என்று சிலர் வினவுகின்றனர். அது தரும் நிரல் சில வேளைகளில் தவறாகவும் இருக்கும். தவறைக் கண்டுபிடிக்க, நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே அடிப்படை அறிவின் தேவை குறையவில்லை; கூடியே இருக்கிறது.

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கணிதமும், தெளிவாகச் சிந்திக்கும் பழக்கமும், தொடர்ந்து கற்கும் ஆர்வமுமே அச்சுவர். சான்றிதழ் அதன்மேல் எழுதும் சித்திரம். அதனை உரிய ஆண்டில் எழுதுவோம். இவ்விடுமுறையில் யூக்ளிடின் வகுத்தல் முறையை நாமே ஒரு நிரலாக எழுதிப் பார்ப்போம். நம் அறிவியல் நூலில் அறிமுகமாகும் 'ஸ்க்ராச்' மென்பொருளே அதற்குப் போதும். 252, 105 என்னும் எண்களைக் கொடுத்து விடை 21 என்று வந்தால், கணினித் துறையில் நம் முதற் படியை ஏறிவிட்டோம் எனலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அது காலாவதி ஆவதும் இல்லை.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு