ஊர்க்கணக்கு எழுதப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மக்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை சமூகவியலுக்கு இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உங்க அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன். ‘ஆய்வு செய்ய நம்ம ஊரில் என்ன இருக்கு மாமா?’ என்று நீ கேட்டிருப்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி எழுதியவர்; இங்குள்ள கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்பதை அவருக்குச் சொல்லித்தரப் போதிய புத்தகம் இல்லை. அதனால் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரைப் போய்ப் பார்த்து எழுதி வரும்படி மாணவர்களை அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், எந்தச் சாதி எந்தத் தெருவில் என்று பையன்கள் எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமாயிற்று. அந்த ஊர்களில் ஒன்று திருநெல்வேலிக்கு வடக்கே இருக்கும் கங்கைகொண்டான். உன் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியிலிருந்து தூரமில்லை. இருபது வருஷம் கழித்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பி, என்ன மாறியது என்று பார்த்து 1940இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய கூலியையும் நிலத்தையும் இன்றைய நிலையோடு வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், அன்று வகுப்புப் பாடமாகப் போய் எழுதிய மாணவர்கள்தான் காரணம். பாடம் நடத்துவது வேறு, ஆராய்ச்சி வேறு என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதைச் சொல்.

நம் நாஞ்சில் நாட்டிலிருந்தே ஆய்வுக்குப் போனவர் கே.கே. பிள்ளை. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். சுசீந்திரம் கோயிலைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1953இல் வந்தது. அப்போது சுசீந்திரம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. சிற்பமும் கோபுரமும் அதில் உண்டு. அத்தோடு, கோயிலின் நிலத்தையும் வருமானத்தையும் யார் நிர்வகித்தார்கள், யார் என்ன ஊழியம் செய்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கும் நெய்யில் கைமுக்கித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்த வழக்கம் என்ன என்றெல்லாம் எழுதினார். நாம் கும்பிட்டுவிட்டு வருகிற இடத்தை ஓர் அரசாங்கம் போல, ஒரு நீதிமன்றம் போல, பெரிய பண்ணை போல அவர் பார்த்தார். பக்தியும் ஊர்ப் பெருமையும் இருக்கிற ஒருவருக்கு அப்படிப் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

இன்னும் கடினமானது ஒன்று இருக்கிறது. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படியெடுத்தார், பின்னாளில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அவற்றில் நம் பக்கத்தில் ஆளை ஆள் விற்ற ஆவணங்கள் இருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். விற்றவர்களின் வழிவந்தவர்களும் விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் இன்று ஒரே பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போகிறார்கள். அந்த ஓலையைப் படிக்கும்போது உன் கை நடுங்கினால் நல்லது. ஆனால் படித்ததை மறைக்காமல் எழுது. நம் சாதிக்கும் நம் வீட்டுக்கும் சங்கடம் தருகிற உண்மையை எழுத முடியாதவர்கள் இந்தத் துறைக்கு வரவே வேண்டாம் என்பது என் முடிவு.

இப்போது உன் தலைப்புக்கு வருகிறேன். பறக்கைப் பக்கம் வயல்கள் வீட்டுமனையாவதைப் பார்க்கிறாய். முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் கடலோர ஊர்களில் இருக்கின்றன. அங்கே குடும்பத்தை இன்று யார் நடத்துகிறார்கள்? இதில் ஒன்றை எடு. சின்னதாக எடு. ஒரு வாய்க்கால் பாசனத்து வயல்கள் போதும், ஒரு தெரு போதும்.

வயல் என்றால் ஒன்று சொல்கிறேன். ‘சொந்த நிலமா, ஆம் அல்லது இல்லை’ என்று அச்சடித்த படிவத்தை நீட்டாதே. நம்மூரில் பாட்டத்துக்கு உழுபவர் இருப்பார், ஒத்திக்கு வாங்கியவர் இருப்பார், பத்திரம் ஒருவர் பேரிலும் விதைப்பு இன்னொருவர் கையிலுமாக இருக்கும். பெரியவர்கள் நிலத்தின் அளவைக் கோட்டை விதைப்பாட்டில் சொல்வார்கள். கன்னிப்பூப் போகமா கும்பப்பூப் போகமா என்று கேட்காமல் விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கிற எண் ஒன்றுக்கும் உதவாது. வீட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. நாற்று நட்ட பெண்ணிடம் கூலி என்ன என்று தனியாகக் கேள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுது.

ஆய்வேட்டைக் காசுக்கு எழுதித் தருகிற கடைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகாதே. உன் கட்டணம் குறைவாக இருப்பதற்கு அந்த முந்திரி ஆலைப் பெண் கடையில் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கொடுக்கிற வரியும் ஒரு காரணம். அது பொதுமக்களின் பல்கலைக்கழகம். அங்கே எழுதுவதை அவளுக்கும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறாய்.

அதனால் முடித்ததும் துறைக்கு ஒரு பிரதி கொடுப்பதோடு நிறுத்தாதே. ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் பத்துப் பக்கம் சுருக்கி, நீ கேட்ட ஊரின் நூலகத்தில் வை. பேசியவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டு. தப்பு என்று அவர்கள் சொல்லும் இடத்தைத் திருத்து. பேர் சொல்ல வேண்டாம் என்றவர்களின் பேரை எங்கேயும் எழுதாதே.

கும்பப்பூ அறுவடைக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, நோட்டோடு வா. முதலில் ஆச்சியிடம் உட்கார்ந்து, நம் வயலை யார் யார் பாட்டத்துக்குச் செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். ஆச்சிக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அன்புடன்,
மாமா