ஐப்பசியில் கொல்லிமலை ஏறலாமா?

கேள்வி: ஒரே நாளில் கொல்லிமலை போய்வர நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். இங்கே வெயில் கொளுத்துகிறது. மலையில் மழை என்கிறார்கள். ஐப்பசியில் போகலாமா?
– வாசகர், உறையூர்

பதில்: போகலாம். ஆனால் உறையூர் வானத்தைப் பார்த்து மலையை எடைபோடாதீர்கள். கொல்லிமலை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.65 டிகிரி வெப்பம் குறையும். இங்கே 30 என்றால் அங்கே 24-ஐ ஒட்டி இருக்கும். நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் நடுங்கிவிடும். மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும்.

ஐப்பசியில் பல நாட்கள் காலை தெளிவாக இருந்து, பிற்பகலில் இடிமேகம் திரளும். அதனால் விடியுமுன் கிளம்புங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவதுதான் மூச்சு வாங்கும். நனைந்த படி வழுக்கும். நண்பகலுக்குள் மேலே வந்துவிடுங்கள்.

அருவித் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், மலைமேல் எங்கோ மழை கொட்டுகிறது என்று பொருள், உடனே கரையேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

அருவிக்குப் போகத் தடை என்றால் வாதாடாமல் மலைக்கோயிலில் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அருவி எங்கும் போய்விடாது. தை மாதத்திலும் பார்க்கலாம்.