முழங்காலுக்கு இதமாய் ஒரு குன்று நடை

‘குன்று ஏறினா மூட்டு போயிடும்’ என்று தயங்குகிறீர்களா? இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளி மேட்டில் உங்களுக்கேற்ற நடை ஒன்று இருக்கிறது.

இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருப்பது கிரிம்ஸ்பவுண்ட். வெண்கலக் கால மக்கள் வாழ்ந்த 24 வட்ட வீடுகளின் கல் அடித்தளங்களை முதலில் சுற்றிப் பாருங்கள், உடம்பு சூடாகிவிடும். பிறகு, 497 மீட்டர் உயர ஹூக்னி டோர் உச்சிக்குக் கொஞ்ச தூர ஏற்றம்தான்.

பேசிக்கிட்டே ஏற முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். கைத்தடி ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். புல்லில் உண்ணி கடிக்கலாம். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

வெயிலடித்தாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவசியம். மூடுபனி இறங்கினால் பாதை மறையும், உடம்பு விறைக்கும். உச்சி தெரிந்தாலும் பிடிவாதம் வேண்டாம், திரும்பிடுங்க. மூவாயிரம் வருஷமாக இருக்கும் கல், அடுத்த முறையும் அங்கேயேதான் இருக்கும்!