கைவலிக்கு எலும்பு ஸ்கேன்: தம்பானூரில் இறங்கும் முன்

மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் வீங்கி, சிவந்து, வியர்க்கிறது. சேலைத் தலைப்பு பட்டாலே எரிகிறது. இந்த வலியோடு நாகர்கோவில் பக்கமிருந்து திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்குபவரா நீங்கள்? மருத்துவர் ‘போன் ஸ்கேன்’ எழுதித் தந்தால், அவர் சந்தேகிப்பது பெரும்பாலும் சி.ஆர்.பி.எஸ். என்னும் வலி நோயாக இருக்கும். 1900-இல் ஜெர்மன் மருத்துவர் பால் சூடெக் விவரித்த நோய் இது.

சீட்டில் ‘மூன்று கட்ட ஸ்கேன்’ என்று இருக்கிறதா பாருங்கள். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றியதும் ரத்த ஓட்டத்தையும், சில நிமிடங்களில் திசுக்களில் தேங்கும் ரத்தத்தையும், 2 முதல் 4 மணி நேரம் கழித்து எலும்பையும் படமெடுப்பார்கள். அதனால் காலையில் ஊசி என்றால் மதிய ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஊசியை வலியில்லாத கையில் போடச் சொல்லுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறையும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

கடைசிப் படத்தில் மணிக்கட்டு முதல் விரல்கள் வரை எல்லா மூட்டுகளைச் சுற்றியும் மருந்து கூடுதலாகச் சேர்ந்திருந்தால் சி.ஆர்.பி.எஸ். சந்தேகம் வலுக்கும். ஒரே இடத்தில் மட்டும் சேர்ந்திருந்தால், எக்ஸ்ரேக்குத் தப்பிய முறிவோ மூட்டுத் தேய்மானமோ இருக்கலாம்.

ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தால் “எல்லாம் மனப்பிரமை” என்று வீட்டார் சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். முதல் சில மாதங்களில்தான் இந்தப் படம் தெளிவாகப் பேசும், நாள்பட்டால் மங்கிவிடும். 2003-இல் புடாபெஸ்டில் வல்லுநர்கள் இந்த நோயைக் கண்டறிய வகுத்த அளவுகோலில் ஸ்கேனே கிடையாது. தொடு உணர்வு, நிறமும் சூடும், வீக்கமும் வியர்வையும், அசைவு ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும், வேறு நோய் இல்லையென்று உறுதி செய்தும்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

ஆகவே ரிப்போர்ட் வரட்டும் என்று கையைத் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முறிவு கூடிவிட்டதென மருத்துவர் உறுதி சொன்னதும் பிசியோதெரபியைத் தொடங்குங்கள். முதலில் பஞ்சால் வருடிப் பழக்குவார்கள், பிறகு துணியால். சேலைத் தலைப்பின் உரசலைக் கை மறுபடி பொறுத்துக்கொள்ளக் கற்பது அப்படித்தான்.