இணைய வழங்கியும் எழுத்துச் சிதைவும்

உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி வந்த நெல்லையில், இன்று பழநூல்களை இணையத்தில் ஏற்ற விழைவோர்க்கு ஓர் இடையூறு நேர்வதுண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. அவ்வாறு ஒருங்குறியில் அமைந்த பக்கமும் சில வழங்கிகளில் புரியாக் குறிகளாய்த் தோன்றும். பக்கத்தினுள் நாம் எழுதும் குறியீட்டுப் பெயரினும், வழங்கி முன்னே அனுப்பும் பெயரையே உலாவி பொதுவாக ஏற்கும் என்பதே காரணம். அப்பாச்சி வழங்கியாயின், 'ஆட் டிஃபால்ட் சார்செட்' என்னும் கட்டளையில் யுடிஎஃப்-8 எனக் குறித்தல் போதும். கோப்பு கெடவில்லை, கரையான் தின்ற ஏடன்று இது! ஆயின் சிதைந்த தோற்றத்தையே மூலத்தின்மேல் சேமித்துவிட்டால், நூல் மெய்யாகவே அழியும். ஆதலின் இணையத்தில் இடம் வாடகைக்குக் கொள்வோர், கட்டணத்தை வினவுமுன், இக்கட்டளையைத் திருத்த இசைவுண்டா, நாள்தோறும் படி எடுத்து வைப்பார்களா என வினவுக.